சாந்தகுமாரி கையில் இருந்த மண்

அசையாமல் நிற்பதற்குச் சம்பளம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அல்சூரில் சாந்தகுமாரி குடியிருக்கும் சந்திலேயே இன்றைக்கும் நம்பாதவர்கள் உண்டு. "சும்மா நின்னா துட்டு குடுக்கறாங்களாம், எங்கியாவது உண்டா இந்த அதிசயம்?" என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்கள் ஒரு நாள் நின்று பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

பெங்களூரில் பணக்காரக் கல்யாணங்களில் இப்போது இது ஒரு மோஸ்தர். வரவேற்பு மண்டப வாசலில் உயிருள்ள ஆட்களைச் சிலைபோல நிறுத்துவார்கள். உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசி ஒருவர் நிற்பார். உரலும் உலக்கையுமாக ஒருத்தி நிற்பாள். வருகிற விருந்தாளிகள் பொம்மையா நிஜமா என்று கிட்டே வந்து முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். பிள்ளைகள் கிள்ளும். ஒருதடவை ஒரு வாண்டு சட்னிக் கரண்டியால் அவள் முழங்காலில் தட்டிப் பார்த்தது. அதன் அம்மா சிரித்தாள். சாந்தகுமாரி இமைக்கவில்லை.

ஐம்பத்தேழு வயசு, ஒல்லி உடம்பு, எலும்பு தெரிகிற முகம். அந்த முகத்துக்குத்தான் கிராக்கி. ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற ஈவென்ட் கம்பெனியில் அம்ருதா என்று ஒரு பெண் இருந்தாள். அவள் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, எப்டி நீங்க கண்ண சிமிட்டவே மாட்டேங்கறீங்க? யாரு ட்ரெயினிங் குடுத்தாங்க?"

"ஒருத்தன் குடுத்தாம்மா," என்றாள் சாந்தகுமாரி.

பயிற்சி கொடுத்தவன் பெயர் பத்ரிநாத். வேற்று ஆள் இல்லை, அல்சூர்க்காரன்தான். மார்க்கெட் பக்கம் அவன் அப்பா மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், அவன் ஐந்து வயசுப் பொடியனாக மூக்கு ஒழுக ஓடிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயசுச் சாந்தகுமாரிதான் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள். "சாந்தாக்கா, சாந்தாக்கா" என்று அவள் தாவணியைப் பிடித்துக்கொண்டே கிடப்பான். வளர்ந்து ஆளாகி, கம்பெனிகளுக்குக் கூட்டிப் பெருக்க ஆள் அனுப்புகிற கான்ட்ராக்ட் எடுத்தான். அதில் மேலே மேலே வந்து அல்சூரை விட்டே போய்விட்டான். அவள் புருஷன் அசோகனுக்குப் பீன்யாவில் லேத் ஓட்டி ஓட்டி முதுகு போனதும், சாந்தகுமாரி பத்ரியிடமே வேலை கேட்டுப் போனாள். ஒரு ஐ.டி. பார்க்கில் சூப்பர்வைசராகப் போட்டான். அன்றிலிருந்து அவன் அவளுக்கு 'சார்', அவள் அவனுக்குச் 'சாந்தா'. அக்கா எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவன் வாயில் அக்கா எத்தனை நாள் தங்கும்?

எட்டொன்பது வருஷம் முன்னால், அந்த ஐ.டி. பார்க்கில் ஒரு மேனேஜரம்மாவின் வைர மோதிரம் பாத்ரூமில் காணாமல் போனது. கை கழுவும்போது கழற்றி வைத்தேன் என்றாள் அந்த அம்மா. யாராவது ஒருத்தரைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் கான்ட்ராக்ட் போய்விடும் என்று கம்பெனிக்காரர்கள் பத்ரிநாத்தை மிரட்டினார்கள். அவன் யோசித்து நேரம் வீணாக்கவில்லை. அன்றைக்கு அந்த மாடியில் யார் டியூட்டி என்று பார்த்தான், சாந்தகுமாரியைப் பிடித்துக் கொடுத்தான். ரெண்டு பொம்பளை செக்யூரிட்டிகள் அவளை ஒரு அறைக்குள் கூட்டிப்போய்ச் சேலையை அவிழ்த்துச் சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவனுக்குப் போதவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரம் அவளை நிறுத்தி, "அசையாத நில்லு சாந்தா, போட்டோ ப்ளர் ஆவுது" என்று சொல்லித் தன் செல்போனில் படம் எடுத்தான். வீட்டுக்குப் போகிற நேரம், ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் அசையாமல்தான் நின்றாள். கண்ணைச் சிமிட்டினால் தண்ணீர் வழிந்துவிடும் என்பதால் சிமிட்டவும் இல்லை.

அந்தப் படத்தை அச்சடித்து, 'இவரை உள்ளே விடக்கூடாது' என்று எழுதி, அவன் ஆள் அனுப்புகிற ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் ஒட்டினான். தேவனஹள்ளி ரோட்டில் ஒரு கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவன், சாந்தகுமாரியின் மகள் மகாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் தம்பி. அப்புறம் கேட்க வேண்டுமா? தாம்பூலத் தட்டு திரும்பி வந்தது. கொண்டுவந்த பெரியவர் வாசற்படி ஏறாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், தட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மாசம் கழித்து ப்ளம்பர் சீனு அவள் வீட்டுக்கு வந்தான். டீ கொடுத்தாள், குடிக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அந்த மோதரம் மறுநாளே கெடச்சிச்சிக்கா. தொட்டிக்கு அடில பைப்பு வளைவுல கெடந்திச்சி. நான்தான் எடுத்துச் சார் கையில குடுத்தேன். கம்முனு இருடா, வேலை வோணுமா வோணாமான்னு கேட்டாரு," என்றான். மோதிரம் மேனேஜரம்மா விரலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாந்தகுமாரியின் படம் மட்டும் கேட்டுகளில் இருந்து இறங்கவில்லை. இறக்கினால் ஏன் இறக்கினாய் என்று யாராவது கேட்பார்கள் அல்லவா?

அவள் போய்ச் சண்டை போட்டாளா என்று கேட்டால், போடத்தான் போனாள். கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. அவள் படமேதான் அவளை நிறுத்தியது.

மகா ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷம் கழித்துத் தன்னோடு வேலை செய்த ஒரு நல்ல பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு ஓசூரில் இருக்கிறாள். "நானே மறந்துட்டேன், நீ ஏம்மா அதையே கட்டிக்கினு அழுவுற?" என்பாள். மறந்துவிடு, மன்னித்துவிடு என்பதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுவரோரம் நின்றது மகா இல்லை. சாந்தகுமாரியின் வயிற்றில் அந்த நெருப்பு ஒருநாளும் அணைந்ததில்லை, அணைக்கவும் அவள் விரும்பவில்லை. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அவனுக்கு என்ன செய்யலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டில் படம் தொங்குகிறவளுக்கு வீட்டு வேலைகூடக் கிடைக்காமல் போனபோதுதான், கடைசியில் இந்த நிற்கிற வேலைக்கு வந்தாள்.

போன தை மாசம் அம்ருதா கூப்பிட்டு அனுப்பினாள். கையகல டேப்லெட்டில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய எண்ணெய்ச் சித்திரம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் இங்கே கண்டோன்மென்ட் கடைவீதியைப் பார்த்து வரைந்தது. லண்டனில் ஒரு மாளிகையில் மாட்டியிருக்கிறதாம். கல்யாணப் பெண் அங்கே படித்தபோது பார்த்து மயங்கிவிட்டாளாம். "வரவேற்புக்கு அந்தப் பெயிண்டிங்க அப்டியே உயிரோட வேணும்னு கேக்கறா ஆன்ட்டி. தங்கக் கலர்ல பெரிய ஃப்ரேம். உள்ள நாப்பது பேரு. யாரும் அசையக் கூடாது."

சாந்தகுமாரி படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தெரு நிறைந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு ஜட்கா வண்டி, குதிரை முன்காலைத் தூக்கியபடி. தோல் பையில் தண்ணீர் சுமக்கிறவன் கூன் போட்டுப் போகிறான். சிவப்புக் கோட்டுத் துரை ஒருவன் துணிக்கடையில் மஸ்லினை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறான். ஆட்டுத் தொடையைத் தொங்கவிட்ட கசாப்புக் கடை, அதற்குக் கீழே நாய். தலையில் கூடையோடு பெண்கள், முக்காடு போட்ட பீவிமார்கள், தலைப்பாகை, தொப்பி, மொட்டைத்தலை. இத்தனை பேரும் தங்கள் ஜோலியைப் பார்த்துக்கொண்டிருக்க, இடது ஓரத்தில் ஒரு மளிகைக் கடை. மேடையில் தொப்பையோடு கடைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எதிரே தெருவில் ஒரு பெண், தலைமுடியை விரித்துப் போட்டு, முன்னால் குனிந்து, வலது கை முஷ்டியைத் தோளுக்கு மேலே ஓங்கி நிற்கிறாள். அவள் மேலே ரெண்டு காக்கைகளை வேறு வரைந்து வைத்திருந்தான் அந்தச் சிப்பாய்.

"இதுதான் உங்க ரோல். பறவைக்கு அரிசி போடற லேடி. எவ்ளோ க்யூட்டா இருக்காங்க நோடி, பாருங்க ஆன்ட்டி."

அரிசி போடுகிறவள் எதற்குத் தலையை விரித்துப் போடுகிறாள்? சாந்தகுமாரி அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். பன்னிரண்டு வயசில், அல்சூரில், இடுப்பில் பத்ரியோடு நின்று பார்த்திருக்கிறாள். பத்ரியின் அப்பா, கடைக்குப் பின்னால் இருந்த ஒரு விதவையின் குடிசையைப் பிரித்துப் போட்டு அந்த இடத்தில் கிடங்கு கட்டிக்கொண்டார். அந்த விதவை கடை வாசலுக்கு வந்தாள், முடியை அவிழ்த்தாள், குனிந்து தெருமண்ணை வாரினாள். "மண்ணாப் போவே! உன் வம்சம் மண்ணாப் போவ!" என்று கடையைப் பார்த்துத் தூற்றினாள். சாந்தகுமாரி சட்டென்று பத்ரியின் கண்ணைப் பொத்தினாள். ஆனால் பையன் விரலிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டான். அன்று ராத்திரி அவனுக்குக் காய்ச்சல். வருஷம் திரும்புவதற்குள் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, கடை கைமாறியது. குடித்தே கெட்டார் என்றும் சொல்வார்கள். அல்சூரில் அப்படிச் சொன்னவர்கள் குறைச்சல். ஏழை அழுத கண்ணீர் கூரிய வாளை ஒக்கும் என்றுதான் அத்தனை பேரும் பேசினார்கள். பத்ரி அதைக் கேட்டே வளர்ந்தவன்.

"யாரு வூட்டுக் கல்யாணம்மா?"

அம்ருதா அழைப்பிதழை நீட்டினாள். மணமகள் ரக்ஷா, மணமகன் ப்ரஹ்லாத். மணமகளின் தகப்பனார் பெயரைச் சாந்தகுமாரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அட்டையை அவளிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"கையில இன்னா வெச்சிக்கணும்?"

"பொரி குடுக்கறேன் ஆன்ட்டி."

"பொரி வோணாம்மா. படத்த நல்லாப் பெருசாக்கிப் பாரு. மண்ணு கலர்ல இருக்குது."

அம்ருதா விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அட ஆமா!" என்றாள். ஒத்திகைக்கு ஒரு பை நிறையத் தென்னை நார்த் தூள் கொண்டுவந்தாள், சுத்தமாக இருக்கும், கை அழுக்காகாது என்று. சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. தொட்டிச் செடிக்குப் போடுகிற நார்த் தூளை வாரித் தூற்றினால் எந்தச் சாபம் பலிக்கும்?

மண் தேட அவள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! இந்த ஊரில் ஒருத்தனைச் சபிக்கக்கூட ஒரு பிடி மண் கிடைப்பதில்லை. அல்சூரில் அந்தப் பழைய மளிகைக் கடை இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். வாசலில் கான்கிரீட் ரோடு, நடைபாதையில் சிமென்ட் கல். நாலைந்து நாள் அந்தப் பக்கமே போய்ப் போய் வந்தாள். அதிர்ஷ்டம், ஒருநாள் ஏதோ கேபிளுக்காக அந்த வாசலிலேயே பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கல்லுக்கும் ஜல்லிக்கும் கீழே பழைய செம்மண் அப்படியே இருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். வேலை செய்த ஆள் ஒருமாதிரி பார்த்தான்.

வீட்டில் அசோகன் அந்த முடிச்சைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"வோணாம் சாந்தா. அவன் செத்துத் தொலையட்டும். அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சி?"

"எம் பொண்ணு இன்னா பண்ணுச்சி?"

"கல்யாணத்துல மண்ணத் தூத்தினா அது உன்னையும் வுடாது," என்று அசோகன் முனகினான். சாந்தகுமாரி முடிச்சை சாமி மாடத்தில் வைத்தாள். தூற்றுவது என்று அவள் முடிவு செய்தாகிவிட்டது. மணவறையாக இருந்தால் என்ன, மயானமாக இருந்தால் என்ன? அவன் அவளை ஆயிரம் பேருக்கு நடுவில் நிறுத்தினான். அவளுக்கும் ஆயிரம் பேர் வேண்டும்.

வரவேற்பு நாள் சாயந்திரம், பேலஸ் கிரவுண்ட்ஸில் போட்டிருந்த பெரிய பந்தலுக்கு முன்னால் தங்கச் சட்டம் எழும்பி நின்றது. உள்ளே பின்திரையில் வீதி, முன்னால் நிஜமான ஜட்கா. துரை வேஷத்துக்கு ஒரு ரஷ்ய மாணவனைப் பிடித்து வந்திருந்தார்கள். சிவப்புக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது பையனுக்கு. சாந்தகுமாரி தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் குனிந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மண்ணை வலது கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் கல்யாணப் பெண்ணே உள்ளே வந்தாள். பட்டும் வைரமுமாக நேரே சாந்தகுமாரியிடம் வந்து, "ஆன்ட்டி, கை வலிக்காதா? நடுவுல நடுவுல எறக்கிக்கோங்க, நான் சொல்லிட்டேன். ஜூஸ் குடிச்சீங்களா?" என்றாள். அப்பன் முகச்சாயல் துளியும் இல்லை. சாந்தகுமாரிக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பெண் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! "குடிச்சேம்மா," என்று பொய் சொன்னாள்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. திரை விலகியது. கூடியிருந்தவர்கள் "ஓ" என்று கை தட்டினார்கள். நாற்பது பேர் நின்ற அந்த வீதியில் ஒரு மூச்சுகூடத் தெரியவில்லை.

பத்ரிநாத் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் நின்றிருந்தான். முடிக்குக் கறுப்பு மை, காலர் வைத்த பட்டுக் கோட்டு. சிரித்துக்கொண்டே வலது பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து வந்தான். துரையைப் பார்த்தான், ஜட்காவைப் பார்த்தான், தண்ணீர்க்காரனைப் பார்த்தான். இடது ஓரத்துக்கு வந்ததும் அவன் சிரிப்பு நின்றது. முதலில் அந்தக் கையைத்தான் கண்டுகொண்டான். முகம் அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்ததும் ஒரு அடி பின்னால் வைத்து, யாருடைய காலையோ மிதித்தான்.

சாந்தகுமாரி அவனையே பார்த்தாள், இமைக்காமல்.

ஒதுங்கிப் போய் அம்ருதாவிடம் அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது அவளுக்குத் தெரிந்தது. அம்ருதா மணப்பெண்ணைக் கேட்டாள். மணப்பெண் சொன்ன பதில் எல்லோருக்கும் கேட்டது. "அவங்களத் தூக்கிட்டா அது அந்தப் பெயிண்டிங்கே இல்லப்பா! ப்ளீஸ், சும்னே இருங்க."

விருந்தாளிகள் சாரி சாரியாக வந்தார்கள். அவன் மேடைக்குப் போவான், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வருவான். கைக்குட்டை நனைந்துவிட்டது. கடைசியில் சட்டத்தின் ஓரத்துக்கு வந்து, யாரோ ஒரு தூரத்து உறவினரைத் தேடுகிறவன்போலத் தலையைத் திருப்பிக்கொண்டு, "அக்கா," என்றான்.

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் வந்த அக்கா. சாந்தகுமாரி அசையவில்லை.

"அக்கா, கைய எறக்குக்கா. கும்புட்டுக் கேக்கறேன். எம் பொண்ணு நிக்கறா. உனக்கு இன்னா வோணும் சொல்லு, செய்யறேன்."

அசையாமல் நிற்க அவன்தானே சொல்லிக் கொடுத்தான்? அவள் வேலையை அவள் பார்த்தாள்.

அதற்குள் போட்டோக்காரன் வந்துவிட்டான். "சார், பெயிண்டிங் உள்ள ஒந்து ஃபேமிலி ஃபோட்டோ!" ரக்ஷாவுக்குக் குஷி. கடைக்காரன் வேஷத்தில் உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பிவிட்டு, "அப்பா, நீங்க அந்த ஷாப்ல உக்காருங்க. தாத்தாவும் கட வெச்சிருந்தாருல்ல, சூப்பரா இருக்கும்!" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. மளிகைக் கடை மேடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், அவன் அப்பா உட்கார்ந்த மாதிரியே போய் உட்கார்ந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு பக்கமும் நின்றார்கள். எதிரே, கையெட்டும் தூரத்தில், சாந்தகுமாரியின் முஷ்டி.

விளக்குகள் எரிந்தன. ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? கையை விரித்து ஒரு வீசு வீசினால் போதும். அவன் முகத்தில், பட்டுக் கோட்டில், அந்தப் பெண் உச்சியில் விழும். அந்தப் பெண் உச்சியில். மகாவின் தட்டு ஜன்னலில் கிடந்தது அவள் கண்முன் வந்தது. கூடவே, ஜூஸ் குடிச்சீங்களா என்ற குரலும் வந்தது. பாழாய்ப்போன ஜூஸ். சாந்தகுமாரி பல்லைக் கடித்தாள். பிறகு அன்று சாயந்திரம் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"மோதரம் எங்க கெடச்சிது பத்ரி?"

சிலை பேசியதும் போட்டோக்காரன் கேமராவை இறக்கினான். சுற்றி நின்றவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கிட்டே வந்தார்கள்.

பத்ரிநாத்தின் கண் அவள் முஷ்டியை விட்டு நகரவில்லை. "பைப்புல," என்றான்.

"சத்தமா சொல்லு."

"பைப்புலக்கா. தொட்டிக்கு அடில. சீனு எடுத்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே தெரியும்."

"அப்பா, என்ன மோதிரம்? யாரு இவங்க?" ரக்ஷா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் சொன்னான். சொல்லாமல் இருந்தால் அந்தக் கை வீசிவிடும் என்று பயந்து சொன்னான். அவள் எடுக்கவில்லை, தெரிந்தே பழி போட்டேன், படத்தை ஒட்டினேன், இறக்காமல் விட்டேன், அவள் பெண்ணுக்கு நிச்சயம் முறிந்தது தெரியும் என்று ஒவ்வொன்றாக, கக்குகிறவன்போலக் கக்கினான். தமிழ் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் காதோடு சொன்னார்கள். ரக்ஷா அப்பன் தோளில் இருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தாள்.

"உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லம்மா. நீ மேடைக்குப் போ. நல்லா இரு."

பெண் போன பிறகு சாந்தகுமாரி கையை இறக்கினாள். இறக்கிய கையோடு பத்ரிநாத்தின் வலது கையைப் பிடித்து இழுத்து, விரலைப் பிரித்து, மண் முழுவதையும் அதில் கொட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"உங்கப்பா கடை வாசல் மண்ணு இது. அன்னிக்கு அவ அள்ளின அதே எடம். நான் தூத்தல. தூத்தவும் மாட்டேன். கெட்டியா வெச்சிக்கோ பத்ரி. உம் பொண்ணு கல்யாணப் பந்தலுக்குள்ள ஒரு பொட்டு கீழ சிந்திச்சின்னாலும், அது நீயே தூத்தினது."

சொல்லிவிட்டுப் பழையபடி தன் இடத்தில் நின்று, வெறுங்கையை முஷ்டியாக்கி ஓங்கிக்கொண்டாள். வேலை நேரம் இன்னும் முடியவில்லை.

அப்புறம் நடந்ததை அவள் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். மேடையில் பத்ரிநாத் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றான், வலது கை மூடியபடி. கும்பிடுகிறவர்களைத் திருப்பிக் கும்பிட முடியவில்லை. அட்சதை போட முடியவில்லை. யாரோ நீட்டிய பூங்கொத்தை இடது கையால் வாங்கினான், சம்பந்தி அம்மாள் முகம் சுளித்தாள். அந்த ஐ.டி. பார்க்கின் மேனேஜரம்மாகூட வந்திருந்தாள். விரலில் வைரம் மின்னக் கையை நீட்டினாள். அவன் இடது கையை நீட்டினான். வெளியே ஓடிப்போய்க் கொட்டிவிட்டு வரலாம்தான். ஆனால் பந்தலைத் தாண்டுவதற்குள் சிந்திவிட்டால்? வியர்வையில் மண் குழைந்து, விரலிடுக்கில் செம்மண் சாறு இறங்கிப் பட்டுக் கோட்டின் கைநுனியைக் கறையாக்கியது. அவன் மூடிய கையை இன்னும் இறுக்கினான். மகள் ஒருதடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. போட்டோக்காரன் மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தான்.

பத்து நாள் கழித்து, அம்ருதா பாவம், ஆன்ட்டிக்கு ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று சில படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பெயிண்டிங்குக்குள் எடுத்த படத்தைச் சாந்தகுமாரி தள்ளிவிட்டாள். மேடைப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சிவாஜிநகர் ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெட்டிவிட்டு, அந்த ஆளை மட்டும், முஷ்டி நன்றாகத் தெரிகிற மாதிரி, பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் கதவுக்கு வெளிப்பக்கம், சந்தில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஆணி அடித்தாள்.

அசோகன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தான். "எத்தினி நாளைக்கு இது இங்க தொங்கும்?"

"என்னுது எத்தினி நாள் தொங்கிச்சோ அத்தினி நாளைக்கு," என்றாள் சாந்தகுமாரி. சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.